நின்றபடி கோடு

கோடு போடுவது நின்றபடிதான்.
படுத்தால் சதை பொய் சொல்லும்:
பள்ளம் நிரம்பும், தொய்வு ஒளியும்,
மயக்கமருந்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே வடிவு.
அதனால் காலை ஏழுக்கு,
காலி வீதி பஸ்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கும்போது,
கொள்ளுப்பிட்டி நாலாம் மாடியில்
ஒருத்தியை எனக்கு முதுகு காட்டி நிற்கவைத்து
ஊதாப் பேனையோடு முழந்தாளில் இருக்கிறேன்.
கொச்சிக்கடைக் கோயிலிலும்
இவ்வளவு நேரம் நான் முழந்தாளிட்டதில்லை.

யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.
'பின்பக்கம்' என்பார்கள், 'கீழ' என்பார்கள்,
'இந்த ஏரியா' என்று காற்றில் கையை வளைப்பார்கள்.
திட்டும்போது எவ்வளவு தாராளமாய் வருகிற சொல்!
பழம்பாட்டுக்காரருக்கு வெட்கமில்லை,
பாம்பின் படம் என்றார்கள், தேர்த்தட்டு என்றார்கள்,
ஒருவரும் சென்டிமீட்டர் எழுதிவைக்கவில்லை.
எழுதிவைத்தது பாடப்புத்தகம்:
பூச்சியம் தசம் ஏழு.
யாருடைய இடுப்பு?
படத்தில் தலையை வெட்டியிருந்தார்கள்.

திங்கள், டெனீஸ் ஷோக்மன், தெஹிவளை, ஐம்பத்திரண்டு.
நாற்பது கிலோ குறைந்த பிறகு
மெத்தை போய் உறை மட்டும் மிஞ்சிவிட்டது என்று சிரித்தாள்.
அவளுக்கு வெட்டு. நீச்சலுடைக்குள் ஒளியும் தழும்பு.
அன்று பின்னேரம் மதுவந்தி.
பெண்ணாகும் அவசரத்தில், ஏதோ ஓர் அறையில்,
யாரோ ஊசியால் ஏற்றிய எண்ணெய்
தொடைக்கு இறங்கிக் கல்லாகியிருந்தது.
'முதல்ல அதை எடுக்கணும். வடிவு பிறகு' என்றேன்.
'இன்னும் எத்தனை பிறகு டொக்டர்?'
ஸ்கேனுக்கு எழுதினேன். வேறென்ன எழுத.

ரிஸ்னா சல்டின், கொம்பனித்தெரு, கணக்காளர்.
கேட்பது நிறைய. எடுக்க உடம்பில் கொழுப்பில்லை.
'இல்லாத வைப்பிலயிருந்து மீளப்பெற ஏலாது' என்று
எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.
எல்லோருக்கும் ஒரு வசனம் வைத்திருக்கிறேன்:
தோலுக்கடியில் மட்டும், தசைக்குள் போகமாட்டேன்,
அங்கே பெரிய நாளங்கள்,
ஒரு துளி வழிதவறினால் நெஞ்சுக்குப் போகும்.
அப்போதுதான் முதல்தடவை என் முகத்தைப் பார்ப்பார்கள்.

வியாழன் வந்தவளின் பெயர் வேண்டாம்.
கணவன் கைபேசியைத் திறந்து படம் காட்டினான்.
எங்கே எவ்வளவு என்று அவனே சொன்னான்,
வீட்டுக்கு மேல்மாடி எடுப்பவன்போல.
பரிசோதனை என்று அவனை வெளியே அனுப்பினேன்.
திரைக்குப் பின்னால் அவள் உடுப்பைத் தொடவேயில்லை.
'எனக்கு விருப்பமில்ல டொக்டர்.
நான் சொல்லேலாது. நீங்க ஏலாதெண்டு சொல்லுங்க.'
இரத்தம் குறைவு என்றேன் அவனிடம்.
எப்போது கூடும் என்றான்.
கூடாது என்றேன்.
பதினொரு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய் அறிக்கை.
கையெழுத்து மட்டும் வழக்கத்தைவிடத் தெளிவு.

இன்றைக்கு நிற்பவள் கௌசிகா.
வங்கிக்காரி, வவுனியாவிலிருந்து மாற்றலில் வந்தவள்.
இடப்பக்கம் ஒரு கைப்பிடிப் பள்ளம்.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'பழசு' என்று எழுதியிருந்தாள்.
அதற்குமேல் கேட்கவில்லை.
'வடிவெல்லாம் வேணாம். கவுன்டர் கதிரையில
ஒருபக்கம் சாயாம இருக்கவேணும்.'
வட்டத்துக்குள் வட்டமாக வரைகிறேன்,
வரைபடத்தில் குளத்துக்குப் போடுகிற மாதிரி.
குளிர் மையில் அவள் தோல் சிலிர்க்கிறது.

சமன்மலீ பின்னால் கண்ணாடி பிடித்தாள்.
கௌசிகா கழுத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.
'இவ்வளவுதானா?
இத்தனை வருஷம் கையால தடவித் தடவி
பெரிசெண்டு நினைச்சிருந்தன்.'

பேனைமூடியைத் தேடினேன்.
சமன்மலீக்குத் தமிழ் தெரியாது.
கண்ணாடியை இன்னும் கொஞ்சம்
கிட்டக் கொண்டுபோனாள்.